மருந்துப் பெட்டியின் மேல் ஓர் எழுத்து

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்து மளிகைக் கடைகளுக்குச் சென்றாலும், கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானாவை ஒட்டிய பலசரக்குக் கடைகளுக்குச் சென்றாலும், அரிசி, பருப்பு, ஊதுவத்தி, கற்பூரம் ஆகியவற்றுக்கு அருகே மருந்துக்கென ஒரு தட்டு இருப்பதைக் காணலாம். காய்ச்சல் மாத்திரை, தலைவலித் தைலம், வயிற்று எரிச்சலுக்கு மருந்து, இருமல் பாகு, மூட்டு வலிக்குப் பூசும் எண்ணெய், ஊரிலிருந்து வந்த லேகியப் புட்டி எனப் பலவும் அத்தட்டில் கலந்து நிற்கும். அக்கடைகளில் மருந்தாளுநர் இல்லை. மருந்தகம் என்னும் பெயர்ப்பலகையும் இல்லை. ஆயினும் கடைக்காரர் விற்கின்றார்; மக்கள் வாங்குகின்றனர்.

இவ்வாறு விற்பது முறையா என்னும் வினாவுக்குப் பொதுவாக இருவகை விடை கூறப்படுகிறது. மருந்து என்றாலே மருந்தகத்தில்தான் விற்க வேண்டும், ஏனைய கடைகளில் விற்பது குற்றம் என்பது ஒன்று. மாத்திரைதானே, யார் விற்றால் என்ன என்பது மற்றொன்று. இவ்விரண்டும் மலேசியச் சட்டத்தோடு பொருந்தாதவை. சட்டம் முதலில் நோக்குவது கடையில் உள்ள பொருளை. எப்பொருளை எவர் விற்கலாம் என்று அது வகுத்துள்ளது. அவ்வகுப்பு ஒவ்வொரு மருந்துப் பெட்டியின் மேலும் ஓர் எழுத்தாகப் பொறிக்கப்பட்டும் இருக்கிறது. அவ்வெழுத்தைப் பார்த்துப் பொருள் அறிந்து வாங்குவோர் சிலரே. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்டத்து டிரெசரும் நகரத்துக் கடையும்

இந்நாட்டுத் தமிழரின் மருந்துப் பழக்கம் பெரும்பாலும் தோட்டத்தில் உருவானது. 1901ஆம் ஆண்டில் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன், கிள்ளான் நகரிலும் அவ்வாண்டே திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் மலேரியாக் காய்ச்சலை ஒடுக்கப் பாடுபட்டவர். சதுப்பு நிலத்து நீரை வடித்துக் கொசுவைக் குறைத்தது அவர் கண்ட வழி. நீரை வடிக்க இயலாத இடங்களில் கொயினா மருந்தே மக்களுக்குத் துணையாயிற்று. அக்கொயினாவைத் தொழிலாளர் தாமாகத் தேர்ந்து வாங்கவில்லை. தோட்ட நிருவாகம் கொடுக்க, அவர்கள் உண்டனர்.

பின்னர்த் தோட்ட மருத்துவமனைகளில், 'டிரெசர்' என்று மக்கள் அழைத்த மருத்துவ உதவியாளர்கள் பணியாற்றினர். இவர்களைப் பதிவு செய்வதற்கெனவே 1965ஆம் ஆண்டில் தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. நோய் இன்னதென்று காண்பதும், மருந்தைத் தேர்வதும், அளவைக் குறிப்பதும் டிரெசரின் பொறுப்பாக இருந்தன. நோயாளி மருந்தின் பெயரைக் கூட அறிய வேண்டியதில்லை. சிவப்புத் தண்ணீர், வெள்ளை மாத்திரை என்று நிறத்தால் அறிந்தாலே போதுமாயிருந்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்பு நிலங்களாக மாறியும் போன பின்னர், பல குடும்பங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தன. மருந்தின் பெயரைக் கேளாது வாங்கும் பழக்கமும் அவர்களோடு வந்தது. டிரெசர் மட்டும் வரவில்லை. அவர் நின்ற இடத்தில் இன்று நிற்பவர் தெருமுனைக் கடைக்காரர். "அண்ணே, காய்ச்சலுக்கு ஏதாவது இருக்கா?" என்று கேட்கும் தாய்க்கு அவர் ஏதேனும் ஒன்றை எடுத்துக் கொடுத்தாக வேண்டும். அவர் எடுத்துக் கொடுக்கும் பொருள் எது என்பதில்தான் ஒரு குழந்தையின் நலமோ கேடோ அடங்கியிருக்கிறது.

நஞ்சு என்னும் சொல்

மருந்து விற்பனையை ஆளும் சட்டங்களுள் முதன்மையானது 1952ஆம் ஆண்டின் நஞ்சுப் பொருள் சட்டம். நோயைத் தீர்க்கும் பொருளுக்கு நஞ்சு என்று பெயரிடுவது வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் நம் முன்னோர் இக்கருத்தை அறியாதவர் அல்லர். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நாம் நாளும் வழங்கும் பழமொழி. பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் வாழ்ந்த பாராசெல்சஸ் என்னும் மருத்துவரும், ஒரு பொருளை நஞ்சாக்குவது அதன் அளவே என்னும் கருத்தை வற்புறுத்தினார். சித்த மருத்துவத்தில் பாதரசம், சேங்கொட்டை முதலியவற்றைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்கலாகாது என்னும் விதியும் இவ்வச்சத்தினின்று பிறந்ததே.

எனவே, சட்டத்தில் நஞ்சு என்பது கொல்லும் பொருள் என்று மட்டும் பொருள்படாது. அறிந்தவர் மேற்பார்வையின்றி உண்ணத்தகாத பொருள் என்றே அதற்குப் பொருள் கொள்ள வேண்டும். சட்டத்தின் முதல் அட்டவணை இத்தகைய பொருள்களைப் பெயர் கூறிப் பட்டியலிடுகிறது. பட்டியலில் உள்ள மருந்துகள் பிரிவு பிரிவாக அமைந்துள்ளன. அவற்றுள் பொதுமக்கள் அறிய வேண்டியவை இரண்டு.

பி பிரிவில் உள்ளவற்றை மருத்துவரின் சீட்டு இருந்தால்தான் மருந்தகத்திலும் கொடுக்க முடியும். நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகளும், இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகளும், டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகளும் இப்பிரிவைச் சார்ந்தவை. சி பிரிவில் உள்ளவற்றுக்கு மருத்துவர் சீட்டு வேண்டுவதில்லை. ஆயினும் உரிமம் பெற்ற மருந்தாளுநர் கேட்டறிந்து கொடுத்து, அதனைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். சளிக்கும் ஒவ்வாமைக்கும் பலர் வாங்கும் குளோர்பெனிரமின் என்னும் மஞ்சள் மாத்திரை இவ்வகையது. அது தூக்கத்தை வருவிக்கும். அதனை உண்டுவிட்டு மோட்டார் சைக்கிள் ஓட்டுவது ஆபத்து. இதனைச் சொல்லிக் கொடுக்க ஒருவர் வேண்டும் என்பதே அவ்விதியின் உட்கருத்து.

மருத்துவர்கள் தம் நோயாளிகளுக்குத் தம் மருந்தறையிலிருந்தே மருந்து கொடுக்கச் சட்டம் இடமளிக்கிறது. மளிகைக் கடைக்கு அத்தகைய இடமில்லை. பி பிரிவு மருந்தையோ சி பிரிவு மருந்தையோ மளிகைக் கடையில் விற்பது, ஒரே ஒரு மாத்திரையாயினும், சட்டத்திற்குப் புறம்பானதே.

அங்ஙனமாயின் மளிகைக் கடையில் விற்கத்தக்கது எது? நஞ்சுப் பட்டியலில் இடம் பெறாத மருந்துகளை விற்கலாம். காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் உண்ணும் சாதாரணப் பாராசிட்டமோல் மாத்திரை, வயிற்றுப் புளிப்பைத் தணிக்கும் மாத்திரை, பூசும் தைலங்கள், புண்ணைத் துடைக்கும் கிருமிநாசினி ஆகியவை இவ்வகையில் அடங்குவன. இவற்றைச் சில்லறையாக விற்க மருந்தாளுநர் தேவையில்லை. இதற்கெனத் தனி மருந்து உரிமமும் வேண்டுவதில்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அம்மருந்து அரசாங்கத்தில் பதிவு பெற்றதாக இருக்க வேண்டும்.

எண்ணும் எழுத்தும்

1952ஆம் ஆண்டின் மருந்து விற்பனைச் சட்டத்தின் கீழ், 1984ஆம் ஆண்டில் மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிகள் வகுக்கப்பட்டன. மறு ஆண்டில் மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையம் அமைந்தது. அதுமுதல் மருந்துகள் படிப்படியாகப் பதிவுக்குக் கொண்டுவரப்பட்டன. மரபு மருந்துகளின் பதிவு 1992இல் தொடங்கிற்று. பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் இப்பதிவுக்கான ஆய்வுப் பணியைச் செய்கின்றது.

பதிவு பெற்ற ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் எண் உண்டு. அது எம்.ஏ.எல். என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். அவற்றை அடுத்து எட்டு இலக்கங்கள் வரும். இலக்கங்களை அடுத்து ஓர் எழுத்து நிற்கும். சிற்சில மருந்துகளில் அதற்குப் பின்னரும் வேறெழுத்து வருவதுண்டு. ஆயினும் இலக்கங்களை அடுத்து முதலில் நிற்கும் எழுத்தே மருந்தின் இனத்தைக் காட்டுவது.

அவ்வெழுத்துகளுள் நான்கினை எல்லாரும் அறிந்திருத்தல் வேண்டும். ஆங்கிலம் அறியாத முதியோரும் வடிவத்தைக் கொண்டு இவற்றை அடையாளம் காணலாம்.

பெருக்கல் குறி போல் இருப்பது எக்ஸ். நஞ்சுப் பட்டியலில் சேராத மருந்து இது. மளிகைக் கடையிலும் விற்கலாம்.

கூரை வடிவில் நிற்பது ஏ. இது பட்டியலிடப்பட்ட மருந்து. மருந்தகத்திலோ மருத்துவரிடமோதான் பெற வேண்டும். இத்தகைய பெட்டியில் 'உபாட் தெர்காவால்', அதாவது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, என்னும் மலாய்ச் சொற்றொடரும் காணப்படும்.

தூணின் மேல் வைத்த உத்தரம் போல் இருப்பது டி. இது மரபு மருந்து. 'டிரடிஷனல்' என்னும் சொல்லின் முதலெழுத்து இவ்வாறு நிற்கின்றது.

இரண்டு தூண்களைச் சாய்கோடு ஒன்று இணைப்பது போல் இருப்பது என் என்னும் எழுத்து. உடல்நலத் துணைப்பொருள்கள், அதாவது வைட்டமின் முதலியவை, இவ்வினத்தைச் சார்ந்தவை.

இவையன்றி, எச் என்னும் எழுத்து கால்நடை மருந்தைக் குறிக்கும். முகப்பூச்சு, சவர்க்காரம் போன்ற ஒப்பனைப் பொருள்களுக்கு மருந்துப் பதிவு எண் இல்லை. அவற்றுக்கு வேறு வகை அறிவிப்பு எண் உண்டு. அத்தகைய முகப்பூச்சு ஒன்று தோல் நோயைத் தீர்க்கும் என்று எவரேனும் விற்பாராயின், அது ஐயுறத்தக்கது.

இங்கே ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். பதிவு எண்ணில் வரும் ஏ என்னும் எழுத்து வேறு. நஞ்சுப் பட்டியலின் பிரிவுப் பெயர் வேறு. பி பிரிவு மருந்தும் சி பிரிவு மருந்தும் பெட்டியின் மேல் ஏ என்னும் ஓரெழுத்தையே பெறும். வாங்குவோர் பிரிவுகளை நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. கூரை எழுத்து மளிகைக் கடையில் இருக்கலாகாது என்பதை நினைவில் வைத்தாற் போதும்.

எண்ணே இல்லாத பெட்டியைப் பற்றிக் கூற வேண்டியது இன்னும் எளிது. அது சென்னையில் பெயர் பெற்ற மருந்தாயினும், வேறு நாட்டில் அரசாங்க ஒப்புதல் பெற்றதாயினும், இங்கே பதிவின்றி விற்பது குற்றம். ஊருக்குச் சென்று வந்தவர் தம் சொந்தப் பயனுக்குச் சிறிதளவு கொண்டுவருவது வேறு. பெட்டி நிறையக் கொண்டுவந்து கடைத்தட்டில் அடுக்குவது வேறு. மருந்து விற்பனைச் சட்டத்தின் கீழ்த் தனிமனிதருக்கு முதற் குற்றத்துக்கே 25,000 ரிங்கிட் வரை தண்டமோ, 3 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். நிறுவனமாயின் முதற் குற்றத்துக்குத் தண்டம் 50,000 ரிங்கிட் வரை உயரும். சில நூறு ரிங்கிட் ஆதாயத்துக்காக விற்கும் சிறு கடைக்காரர் பலர் இதனை அறியார். கடையில் மட்டுமன்று, கைத்தொலைபேசி வழியே வீட்டிலிருந்து விற்போரையும் இவ்விதி கட்டுப்படுத்தும்.

மரபு மருந்தின் நிலை

நம் கடைகளில் சுக்கு, மிளகு, திப்பிலி, வசம்பு, கடுக்காய் ஆகியவை கிடைக்கின்றன. சுக்கும் மிளகும் சமையலறைப் பொருள்கள். அவற்றை உணவுப் பொருளாக விற்பதற்கு மருந்துப் பதிவு எதற்கு? ஆனால் அவற்றையே பொடித்து, மாத்திரையாகவோ குளிகையாகவோ அடைத்து, இன்ன நோய் தீரும் என்று எழுதி விற்கும்போது அப்பொருள் உணவு என்னும் எல்லையைக் கடந்து மருந்தாகிவிடுகிறது. அப்போது டி எழுத்துடன் பதிவு எண் இருந்தாக வேண்டும்.

மரபு மருந்துக்கு இத்தனை கட்டுப்பாடு ஏன் என்று வினவுவோர் உண்டு. தலைமுறை தலைமுறையாக வந்த மருந்தை ஐயுறுவது முன்னோரை ஐயுறுவதாகும் என்று அவர்கள் எண்ணுகின்றனர். ஐயம் முன்னோர் மருந்தின் மேல் எழுந்ததன்று. அதன் பெயரால் இன்று விற்கப்படும் புட்டியின் மேல் எழுந்தது. மலேசியச் சுகாதார அதிகாரிகள் வெளியிட்ட எச்சரிக்கைகளில் மீண்டும் மீண்டும் காணப்படும் செய்தி ஒன்று உண்டு. மூட்டு வலிக்கும் உடல் வலிக்கும் மூலிகை மருந்து என்று விற்கப்பட்ட பொருள்களில் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மறைவாகக் கலக்கப்பட்டிருந்தது என்பதே அது.

இக்கலப்படத்தின் கொடுமை, மருந்து நன்றாக வேலை செய்வதுபோல் தோன்றுவதில் இருக்கிறது. பல ஆண்டு மூட்டு வலியால் வருந்திய மூதாட்டி இரண்டே நாளில் எழுந்து நடப்பார். பசி எடுக்கும்; முகம் உருண்டு தெளிவதுபோல் காணப்படும். வீட்டார் மகிழ்வர், அண்டை வீட்டாரும் அம்மருந்தையே வாங்குவர். சில மாதங்களில் முகம் நிலவு போல் வீங்கும், தோல் மெலிந்து எளிதில் கன்றும், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு வலுவிழக்கும். ஐயுற்று ஒருநாள் திடீரென்று நிறுத்தினாலோ கேடு இன்னும் பெரிது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தமையால் உடல் தானே அதனைச் சுரப்பதை நிறுத்தியிருக்கும். எனவே நோயாளி மயங்கி வீழ்ந்து உயிருக்கே இடர் நேரலாம். இத்தகையோர் தாம் உண்ட மருந்தின் புட்டியோடு மருத்துவமனைக்குச் செல்வது இன்றியமையாதது.

மற்றோர் இடர் உலோகங்களால் வருவது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்த தெற்காசிய மளிகைக் கடைகளில் வாங்கப்பட்ட 70 ஆயுர்வேத மருந்துகளை ஆராய்ந்து, 2004இல் முடிவை வெளியிட்டனர். அவற்றுள் 14 மருந்துகளில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இருக்கக் கண்டனர். பாஸ்டனில் மளிகைக் கடைக்கு நேர்ந்தது பிரிக்பீல்ட்ஸ் கடைக்கும் நேரலாம். டி எழுத்துப் பெறுவதற்கு முன் ஒரு மருந்தில் நச்சு உலோகங்களும் நுண்ணுயிர்களும் வரம்புக்குள் இருக்கின்றனவா, வேற்று மருந்து கலந்துள்ளதா என்று பார்க்கின்றனர். அம்மருந்து நோயைத் தீர்க்கும் என்பதற்கு அவ்வெழுத்து உறுதிமொழி ஆகாது. உண்பவரைக் கெடுக்காதிருக்க வேண்டும் என்னும் முதல் தேவையையே அது காக்கின்றது.

விளம்பரமும் சட்டமும்

1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் இத்துறையில் மற்றொரு காவல். நீரிழிவு, புற்றுநோய், ஆஸ்துமா, காசநோய், வலிப்பு, பக்கவாதம், இதய நோய், சிறுநீரக நோய், மகப்பேறின்மை முதலியவற்றைத் தீர்க்கும் அல்லது தடுக்கும் என்று எம்மருந்தையும் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யலாகாது என்பது அதன் சாரம். இந்தியாவிலும் 1954இல் இதனையொத்த சட்டம் ஒன்று பிறந்தது. ஏனைய மருந்து விளம்பரங்களும் மருந்து விளம்பர வாரியத்தின் ஒப்புதல் பெற்றாக வேண்டும். ஒப்புதல் பெற்றதற்கு அடையாளமாக கே.கே.எல்.ஐ.யு. என்னும் எழுத்துகளோடு ஓர் எண் விளம்பரத்தில் காணப்படும்.

சட்டம் குறிப்பிட்ட நோய்கள் யாவும் ஒரு தன்மையுடையவை. அவை நெடுநாள் வருத்துபவை. நோயாளியின் நம்பிக்கையை எளிதில் விலைக்கு வாங்கத்தக்கவை. நீரிழிவை ஒரு மண்டலத்தில் ஒழிப்போம் என்னும் தாள் கடையில் ஒட்டியிருந்தால், அதனை நம்பி இன்சுலினை நிறுத்துகின்றவர் காலையோ கண்ணையோ இழக்க நேரும். கடைச் சுவரில் அத்தாளை ஒட்ட இடங்கொடுப்பவரும் அதற்குத் துணைபோனவர் ஆவார்.

பிற நாடுகளின் வழி

மருந்தகமின்றி மருந்து விற்கும் இவ்வினா மலேசியாவுக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவின் 1945ஆம் ஆண்டு மருந்து விதிகள் வீட்டு மருந்துகள் என ஒரு பட்டியலை வகுத்தன. ஆயிரம் பேருக்கு மேற்படாத சிற்றூர்களில் அப்பட்டியல் மருந்துகளை உரிமமின்றி விற்கலாம் என்று அவை இடமளித்தன. ஆஸ்பிரின், வலித் தைலம், விளக்கெண்ணெய், யூகலிப்டஸ் தைலம், கொயினா மாத்திரை ஆகியவற்றோடு இருமல் பாகும் அப்பட்டியலில் இருந்தது. மருந்தகம் எட்டாத ஊர்க்கு மருந்து எட்ட வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இருமல் பாகு அத்தனை தீங்கற்றதா என்னும் ஐயத்தை 2025ஆம் ஆண்டு எழுப்பிற்று. தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் செய்யப்பட்ட 'கோல்ட்ரிஃப்' என்னும் இருமல் பாகை உண்டு மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு இறந்தனர். அப்பாகில் டைஎத்திலின் கிளைக்கால் என்னும் நச்சு 48.6 விழுக்காடு இருந்ததாக ஆய்வில் தெரிந்தது. இதே நச்சு கலந்த மருந்தால் 1937இல் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அத்துயரமே மறு ஆண்டில் அந்நாட்டில் கடுமையான மருந்துச் சட்டம் எழக் காரணமாயிற்று. ஆலையில் செய்து, மருத்துவர் எழுதிக் கொடுத்த பாகிலேயே இவ்வாறு நேருமாயின், பதிவு எண்ணே இல்லாத புட்டியை எவ்வாறு நம்புவது?

பிரிட்டன் வேறொரு பாடத்தைத் தருகிறது. அங்குப் பாராசிட்டமோல் எல்லாக் கடைகளிலும் கிடைக்கும். ஆயினும் 1998இல் ஒரு விதி வந்தது. சாதாரணக் கடையில் ஒரு பெட்டிக்கு 16 மாத்திரை, மருந்தகத்தில் 32 மாத்திரை என்று அளவு வரையறுக்கப்பட்டது. அதன்பின் 11 ஆண்டுகளில் இங்கிலாந்திலும் வேல்சிலும் அம்மருந்தை அளவு மிஞ்சி உண்டு இறந்தோர் தொகை, எதிர்பார்க்கப்பட்டதினும் ஏறத்தாழ 43 விழுக்காடு குறைந்ததென 2013இல் வெளிவந்த ஆய்வு கூறிற்று. மருந்தை மறுக்காமலேயே உயிரைக் காக்க முடியும் என்பதற்கு இது சான்று.

கடைக்காரர் செய்யத்தக்கவை

மளிகைக் கடையை மருந்துக்கு முற்றும் மூடிவிடுதல் அறிவுடைமை ஆகாது. இரவில் காய்ச்சல் கண்ட குழந்தைக்குப் பாராசிட்டமோல் தேடித் தாய் நெடுந்தொலைவு செல்லுமாறு விடுவது நன்றன்று. சட்டமும் அதனை விரும்பவில்லை. கடைக்காரர் சிலவற்றைப் பேணினாற் போதும்.

முதலாவது, மருந்தைப் பெட்டியோடு விற்க வேண்டும். அட்டையை வெட்டி இரண்டு மாத்திரை கொடுக்கும் வழக்கம் ஏழைக்கு உதவியாகத் தோன்றலாம். ஆனால் பெயரும், அளவும், காலாவதி நாளும், பதிவு எண்ணும் பெட்டியோடு கடையிலேயே தங்கிவிடுகின்றன. வாங்கியவர் கையில் இருப்பது பெயரறியா வெள்ளை மாத்திரையே. நாள் கடந்த மருந்தையும் அவர் அறிய வழியில்லை.

இரண்டாவது, ஒரே மருந்து பல பெயரில் வருவதை உணர வேண்டும். பனடோல் என்பது வணிகப் பெயர். பாராசிட்டமோல் என்பது பொருளின் பெயர். காய்ச்சல் மாத்திரையிலும் பாராசிட்டமோல் இருக்கும். சளிக் காய்ச்சலுக்கான கூட்டு மாத்திரையிலும் அதுவே இருக்கும். இரண்டையும் சேர்த்து உண்பவர் தாம் அறியாமலே இருமடங்கு உண்கிறார். நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவருக்கு நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேற்படலாகாது. அளவு மிஞ்சினால் கல்லீரல் கெடும். கெடும்போது முதல் நாளில் பெரிய அறிகுறி எதுவும் தோன்றாது.

மூன்றாவது, டெங்கிக் காய்ச்சல். சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் இந்நோய் ஓயாது காணப்படுகிறது. டெங்கியில் ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபனும் இரத்தக் கசிவை மிகுவிக்கும். ஆதலின் காய்ச்சல் என்று கேட்போர்க்கு இவற்றை எடுத்துக் கொடுத்தல் தகாது. காய்ச்சல் இரண்டு மூன்று நாள் நீடித்தால் மருத்துவரிடம் செல்லுமாறு கூறுவதே கடைக்காரர் கொடுக்கத்தக்க சிறந்த மருந்து.

நான்காவது, தைலப் புட்டிகளைக் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைக்குமாறு சொல்ல வேண்டும். வலித் தைலங்கள் பலவற்றில் மெத்தில் சாலிசிலேட் உண்டு. கலப்பற்ற அவ்வெண்ணெய் ஒரு தேக்கரண்டி அளவே சிறு குழந்தையின் உயிரைப் போக்க வல்லது. பூசுவதற்கு நல்லதாகிய பொருள் உண்பதற்கு நஞ்சாதலை இதனினும் தெளிவாகக் காட்ட இயலாது.

வகுப்பறைக்குரிய பாடம்

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் தொண்ணூற்றைந்தாவது. அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துள்ளார். நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, உடனிருந்து அதனைக் கொடுப்பவன் என்பன அவை. நான்காமவனை மருத்துவத்தின் ஒரு கூறாகவே அவர் வைத்தது எண்ணத்தக்கது. மருந்தைக் கொண்டுவந்து கொடுக்கும் கை பிழைபட்டால், ஏனைய மூன்றும் செம்மையாயினும் பயனில்லை. தோட்டத்தில் அந்நான்காம் இடத்தில் டிரெசர் இருந்தார். நகரத்தில் அவ்விடம் கடைக்காரருக்கும், கடையிலிருந்து மருந்தை வீட்டுக்குக் கொண்டுவரும் பிள்ளைக்கும் உரியதாயிற்று. பாட்டிக்கு மருந்து வாங்கக் கடைக்கு அனுப்பப்படுபவர் பெரும்பாலும் பள்ளி மாணவரே.

ஆதலின் இப்பாடம் தமிழ்ப்பள்ளிக்கும் உரியது. மாணவர் வீட்டிலிருந்து காலியான மருந்துப் பெட்டிகளை மட்டும் கொண்டுவரச் செய்யலாம். ஒவ்வொன்றிலும் பொருளின் பெயர், அளவு, காலாவதி நாள், பதிவு எண், எண்ணை அடுத்த எழுத்து ஆகிய ஐந்தையும் கண்டு குறிப்பேட்டில் எழுதச் சொல்லலாம். பெருக்கல் குறி, கூரை, உத்தரம் என்று பெட்டிகளை இனம் பிரிக்கச் செய்யலாம். எண்ணில்லாத பெட்டி ஏதேனும் வந்தால், அதனைத் தனியே வைத்து, வீட்டில் அதனை உண்பவர் யார் என்று கேட்டறிந்து, மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ காட்டுமாறு பெற்றோர்க்குச் சொல்லி அனுப்பலாம். ஒரு பாடவேளைக்குள் முடியும் இப்பயிற்சியால், பத்து வயதுப் பிள்ளை தன் பாட்டியின் மருந்துப் பெட்டியைப் படிக்கக் கற்றுக்கொள்ளும்.